கடன்பட்ட கிளப்புகளின் மேனேஜர்: கிறிஸ் வைல்டர் – ஒரு நிகழ்வு ஆய்வு

2019 மே மாதம் இங்கிலாந்தின் லீக் மேனேஜர்கள் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த மேனேஜரைத் தேர்ந்தெடுத்தது. ஓட்டுப் போடுவது சக மேனேஜர்களே. 98 புள்ளியுடன் ப்ரீமியர் லீக் பட்டத்தைத் தக்கவைத்த பெப் கார்டியோலா அந்த வருடம் இருந்தார். ஒரே புள்ளி பின்தங்கி, லிவர்பூலை ஐரோப்பிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன யூர்கன் கிளாப் இருந்தார். அலெக்ஸ் ஃபெர்குசன் பெயரிலான அந்தக் கோப்பை இவர்கள் யாருக்கும் போகவில்லை. ப்ரீமியர் லீக்குக்கு அடுத்த இரண்டாம் நிலை லீகில், அதிலும் இரண்டாவது இடத்தில் வந்த ஷெஃபீல்டு யுனைடெட்டின் கிறிஸ் வைல்டருக்குப் போனது.

22 மாதம் கழித்து, 2021 மார்ச்சில், அதே கிளப்பை விட்டு அவர் வெளியேறினார். அப்போது அணி 28 ஆட்டத்தில் 14 புள்ளி எடுத்து ப்ரீமியர் லீக்கின் அடியில் கிடந்தது.

ஒரே ஆள், பெரும்பாலும் அதே வீரர்கள், அதே ஆட்டமுறை. இடையில் என்ன ஆனது? இந்தக் கேள்விக்காகத்தான் வைல்டரின் கதையை எடுத்துக்கொண்டேன். பதில் அந்த 22 மாதத்துக்குள் இல்லை என்பது என் எண்ணம். பதினைந்து வருடம் பின்னால் போய், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த சின்ன கிளப்புகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர் என்பவர் நாம் சொல்லும் பயிற்சியாளர் மட்டுமல்ல. யாரை வாங்குவது, யாரை விற்பது, யார் சனிக்கிழமை ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது எல்லாம் பழைய வழக்கப்படி அவர் கையில்தான். பெரிய கிளப்புகளில் இப்போது வீரர் வாங்குவதற்குத் தனி ஆட்கள் வந்துவிட்டார்கள். கீழ்நிலை லீகுகளில் இன்னும் பல இடங்களில் மேனேஜரே எல்லாம். வைல்டர் இந்தப் பழைய வார்ப்பில் உருவானவர். அவருடைய பலம், பிற்காலச் சிக்கல் இரண்டுக்கும் வேர் இதுதான்.

பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்த ஆட்டக்காரர்

வைல்டர் 1967 செப்டம்பர் 23 அன்று ஷெஃபீல்டுக்கு அருகே ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் பிறந்தார். எஃகு ஆலை ஊர். (ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டி தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே ஆடினாரே, அந்த ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் கிளப்பின் ஊரும் இதுதான்.) சிறுவயதிலிருந்தே ஷெஃபீல்டு யுனைடெட் ரசிகர். சவுத்தாம்ப்டனில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார், அங்கே முதல் அணிக்கு எட்டவில்லை. 1986-ல் தன் சொந்த கிளப்புக்கே ரைட் பேக்காக (வலப்பக்கத் தற்காப்பு வீரராக) வந்தார்.

அங்கே ஆறு வருடம். லீக் ஆட்டங்கள் நூறைத் தொடவில்லை. நடுநடுவே வால்சால், சார்ல்டன், லேட்டன் ஓரியன்ட் என்று லோனில் (தற்காலிக இரவலாக) அனுப்பினார்கள். ஆனால் அந்த ஆறு வருடத்தில் அவர் பார்த்தது முக்கியம். 1988-ல் மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்த அணியை மேனேஜர் டேவ் பாசெட் 1989-லும் 1990-லும் அடுத்தடுத்து மேலேற்றி முதல் டிவிஷனுக்குக் கொண்டுவந்தார். பெரிய நட்சத்திரம் கிடையாது. பிற கிளப்புகள் கழித்துவிட்ட ஆட்கள், ஒரே மூச்சில் ஓடும் ஓட்டம், சண்டைக்கும் சிரிப்புக்கும் பஞ்சமில்லாத ஓய்வறை. 21 வயது ரைட் பேக் ஒருவர் இதையெல்லாம் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ராதரம், நாட்ஸ் கவுன்ட்டி, பிராட்ஃபர்ட் சிட்டி, மறுபடி ஷெஃபீல்டு யுனைடெட், அங்கிருந்து லோனில் நார்தாம்ப்டனும் லிங்கனும், பிறகு பிரைட்டன், கடைசியில் ஹாலிஃபாக்ஸ். 2001 வாக்கில் ஆட்டம் முடிந்தது. எந்த ஊரிலும் சிலை வைக்கமாட்டார்கள், அப்படிப்பட்ட வாழ்க்கை. ஆனால் இங்கிலாந்தின் கீழ்த்தட்டு லீகுகளில் எந்த மைதானத்தில் எந்தப் பக்கம் சேறு கட்டும், எந்தத் தலைவர் சம்பளத்தைத் தள்ளிப்போடுவார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஆல்ஃப்ரெட்டன், ஹாலிஃபாக்ஸ்

முதல் மேனேஜர் வேலை 2001-ல் ஆல்ஃப்ரெட்டன் டவுனில். எட்டாம் நிலை. அங்கே இருந்தது 27 வாரம், வென்றது நான்கு கோப்பை. இந்தக் கோப்பைகளின் பெயரை ஊருக்கு வெளியே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். தன் பழைய கிளப்பான ஹாலிஃபாக்ஸ் டவுன் அப்போதுதான் நான்காம் நிலையிலிருந்து கீழே விழுந்திருந்தது. 2002-ல் அவர்கள் கூப்பிட்டார்கள், போனார்.

ஹாலிஃபாக்ஸில் கழிந்த இந்த ஆறு வருடத்தைத்தான் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முழுக் கதைக்கும் திறவுகோலாகத் தெரிகிறது. கிளப்பில் பணமில்லை. அந்த நிலையிலும் 2006-ல் ஐந்தாம் நிலை ப்ளே-ஆஃப் (மேலேறும் கடைசி இடத்துக்கான போட்டி) இறுதிவரை அணியைக் கொண்டுவந்தார். லெஸ்டரில் நடந்த ஆட்டத்தில் ஹெர்ஃபர்டிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றார்கள். வென்றிருந்தால் மீண்டும் கால்பந்து லீக் (இரண்டாம் நிலை முதல் நான்காம் நிலை வரையுள்ள லீகுகள்). அதனுடன் வரும் தொலைக்காட்சிப் பணம் கிளப்பைக் காப்பாற்றியிருக்கலாம். இரண்டு வருடத்தில், 2008-ல், வரி பாக்கியும் மற்றக் கடன்களும் சேர்ந்து ஹாலிஃபாக்ஸ் டவுன் இழுத்து மூடப்பட்டது. ரசிகர்கள் புதுப் பெயரில் மூன்று படி கீழேயிருந்து ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள்.

மேனேஜரைக் கிளப்புகள் வேலையை விட்டு நீக்குவது தினசரிச் செய்தி. கிளப்பே கண்ணெதிரே செத்துப்போவது அப்படியல்ல. டிக்கெட் கொடுப்பவர், புல் வெட்டுபவர், துணி துவைப்பவர் எல்லோரும் ஒரே நாளில் தெருவுக்கு வருவதைப் பார்த்த மேனேஜர் அவர். ஏழு வருடம் கழித்து நார்தாம்ப்டனில் அவர் பேசிய பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி இங்கேதான் வந்து நிற்கும்.

சில மாதம் பெரி (Bury) கிளப்பில் ஆலன் நில்லுக்கு உதவியாளராக இருந்தார். இந்த நில் பின்னால் வைல்டருக்கு உதவியாளராக வந்து, ஷெஃபீல்டின் ஆட்டமுறையை உருவாக்கியதில் பாதிப் பங்கு எடுத்தவர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸ்ஃபர்டும் நார்தாம்ப்டனும்

2008 டிசம்பரில் ஆக்ஸ்ஃபர்ட் யுனைடெட். 1986-ல் லீக் கோப்பை வென்ற கிளப், அப்போது ஐந்தாம் நிலையில். பதிவு செய்யாத வீரரை ஆடவைத்த குற்றத்துக்காக அந்த சீசனில் 5 புள்ளி வெட்டினார்கள். ப்ளே-ஆஃப் வாய்ப்பு போனதற்கு அந்த வெட்டுதான் காரணம். மறுவருடம், 2010 மே மாதம், வெம்ப்ளியில் யார்க் சிட்டியை 3-1 என்று வென்று கால்பந்து லீகுக்குத் திரும்பினார்கள். வந்திருந்த 42 ஆயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பகுதி ஆக்ஸ்ஃபர்ட்காரர்கள். ஐந்தாம் நிலை ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம்!

அப்புறம் மூன்றரை வருடம் ஆக்ஸ்ஃபர்ட் நான்காம் நிலையின் நடுப்பகுதியிலேயே சுற்றியது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2014 ஜனவரியில் வைல்டர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். மேலே ஏறப் போராடிக்கொண்டிருந்த அணியை விட்டுவிட்டு, அதே லீகின் கடைசி இடத்தில் இருந்த நார்தாம்ப்டனுக்குப் போனார். ஏணியில் நின்றவர் கிணற்றுக்குள் குதித்த மாதிரி. ஆனால் சீசனின் கடைசி நாளில் நார்தாம்ப்டன் வென்று தப்பித்தது. எதிரே தோற்ற அணி? ஆக்ஸ்ஃபர்ட் யுனைடெட். கதை எழுதுபவர் இப்படி எழுதினால் மிகை என்பார்கள்.

2015-16 சீசன் இந்த ஆய்வில் முதல் பெரிய சான்று. நார்தாம்ப்டன் நகரசபை, மைதானத்தை விரிவாக்க கிளப்புக்கு 1 கோடியே 2.5 லட்சம் பவுண்டு கடன் கொடுத்திருந்தது. கிழக்குப் பக்க கேலரி பாதியில் எலும்புக்கூடாக நின்றது, பணம் மட்டும் போய்விட்டது. வரித்துறை கிளப்பை மூடச் சொல்லி நீதிமன்றம் போனது. வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் வரவில்லை. நவம்பர் 21 அன்று நாட்ஸ் கவுன்ட்டி மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் வைல்டர் செய்தியாளர்களிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஊழியர்கள் படும் பாட்டைச் சொல்லி, விற்பவரும் வாங்குபவரும் உடனே முடிவுக்கு வரும்படி கேட்டுக்கொண்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். நாடு முழுக்க அந்தக் காட்சி ஓடியது. அந்த மாதம் முடிவதற்குள் கிளப் கைமாறியது. வாங்கியவர் கெல்வின் தாமஸ், ஆக்ஸ்ஃபர்டில் 2008-ல் வைல்டரை வேலைக்கு எடுத்த அதே தலைவர்.

சம்பளம் வராத மாதங்களிலும் அணி நழுவவில்லை. பிறகு வரிசையாகப் பத்து வெற்றி. சீசன் முடிவில் 99 புள்ளி, சாம்பியன். இரண்டாவது வந்த அணி 13 புள்ளி பின்னால். அதுவும் ஆக்ஸ்ஃபர்ட்தான்.

இங்கே ஒரு எதிர்வாதத்தைப் பரிசீலிக்க வேண்டும். நெருக்கடி அணியை ஒட்டவைக்கும், யார் மேனேஜராக இருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. சம்பளம் வராத கிளப்புகள் இங்கிலாந்தில் நிறைய. அவற்றில் பல கீழே விழுகின்றன. நெருக்கடி தானாக ஒட்டவைக்காது. நடுவில் நின்று, இன்னொரு கிளப் செத்ததைப் பார்த்த அனுபவத்தோடு, வீரரிடம் ஒரு முகமும் தலைவரிடம் இன்னொரு முகமும் காட்டாமல் பேசும் ஆள் வேண்டும். முப்பது வயதில் எட்டாவது கிளப்புக்குப் பெட்டி கட்டிய ஆட்டக்காரனுக்கு, மாதக் கடைசியில் வாடகை கட்ட முடியாத வீரனின் மனசு தெரியும்.

நான்கு ஆட்டம், ஒரு புள்ளி

2016 மே மாதம் ஷெஃபீல்டு யுனைடெட் கூப்பிட்டது. மூன்றாம் நிலையில் விழுந்து ஐந்து சீசன் ஆகியிருந்தது, கடைசி சீசனில் பதினோராவது இடம். முதல் நான்கு ஆட்டத்தில் கிடைத்தது ஒரே புள்ளி, அணி கடைசியில். சொந்த ஊர்க்காரர் என்ற பாசம் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது என்பது கிளப்பின் மைதானமான பிராமல் லேனில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் வைல்டரும் நில்லும் பின்வரிசையை மூன்று சென்டர் பேக் (நடுத் தற்காப்பு வீரர்) என்று மாற்றினார்கள். மாற்றத்தின் காரணம் சாதாரணமானது. மூன்றாம் நிலையில் ஷெஃபீல்டு பெரிய கிளப், 20 ஆயிரத்துக்கு மேல் கூட்டம் வரும். எதிரணிகள் பிராமல் லேனுக்கு வந்தால் பத்துப் பேரும் தங்கள் பாதியில் குந்திக்கொள்வார்கள். அவர்கள் முன்னே ஒரே ஒருவரை விட்டால், அவரைக் காக்க நம் பக்கம் மூன்று சென்டர் பேக் எதற்கு? இருவர் சும்மா நிற்கிறார்கள். சும்மா நிற்பவரை ஏன் மேலே அனுப்பக்கூடாது?

இதுதான் பின்னால் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட ஓவர்லாப்பிங் சென்டர் பேக். வழக்கமாக ஓரத்தில் விங் பேக் மேலே ஓடுவார், சென்டர் பேக் பின்னால் நின்று காப்பார். இங்கே வலப்பக்கம் கிறிஸ் பாஷம், இடப்பக்கம் ஜேக் ஓ'கானல், இருவரும் தங்கள் விங் பேக்கையே தாண்டி வெளியே ஓடி கோல் கோட்டுக்கு அருகிலிருந்து க்ராஸ் போடுவார்கள். விங் பேக், நடுக்கள வீரர், சென்டர் பேக் மூவரும் சேர்ந்த முக்கோணத்தை எதிரணியின் ஓரத்தில் இருக்கும் இருவர் சமாளிக்க வேண்டும். யார் யாரைப் பிடிப்பது என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் அரை வினாடியில் பந்து பெட்டிக்குள் போய்விடும். பின்னால் விட்டுப்போன ஓட்டையை நடுக்கள வீரர் ஒருவர் இறங்கி நிரப்புவார், பிற்பாடு அந்த வேலையை ஆலிவர் நார்வுட் செய்தார். பாஷம் முன்பு நடுக்களத்தில் ஆடியவர். ஓ'கானல் இடதுகால்காரர், பிரென்ட்ஃபர்டிலிருந்து வாங்கியது. இரண்டும் இல்லாமல் இந்த ஏற்பாடு வேலை செய்யாது. இதைக் கவனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் சீசனில் 100 புள்ளி, லீக் ஒன் (மூன்றாம் நிலை) சாம்பியன். மேலேறுவது உறுதியானது 2017 ஏப்ரல் 8 அன்று, நார்தாம்ப்டன் மைதானத்தில். ஒரு வருடம் முன்பு அவர் காப்பாற்றிக் கோப்பையோடு விட்டுப்போன அதே இடம். அந்தச் செப்டம்பரில், தன் 50-வது பிறந்தநாளுக்கு மறுநாள், ஊர்ப் பகையாளி ஷெஃபீல்டு வென்ஸ்டேயை அவர்கள் மைதானத்திலேயே 4-2 என்று வென்றார். ஷெஃபீல்டில் பாதிப் பேர் அந்தத் தேதியை இன்னும் சொல்வார்கள். மீதிப் பாதி பேச்சை மாற்றும்.

2018-19: 89 புள்ளி, இரண்டாம் இடம், ப்ரீமியர் லீக். கேப்டன் பில்லி ஷார்ப் ஷெஃபீல்டிலேயே பிறந்தவர், லீகில் 23 கோல். கோலில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் லோனுக்கு எடுத்த டீன் ஹெண்டர்சன்.

39 போட்டது, 39 வாங்கியது

2019-20 ப்ரீமியர் லீக் தொடங்கியபோது ஷெஃபீல்டு நேரே கீழே போகும் என்றார்கள் கணிப்பவர்கள். ஒன்பதாவது இடம், 54 புள்ளி. ஆர்சனல், செல்சி, டாட்டன்ஹாம் மூன்றும் பிராமல் லேனில் தோற்றன. கோவிட் காரணமாக மார்ச்சில் ஆட்டம் நின்றபோது அணி ஏழாவது இடத்தில் இருந்தது.

ஆனால் எண்ணை உற்றுப் பார்த்தால் எச்சரிக்கை அப்போதே இருக்கிறது. 38 ஆட்டத்தில் அடித்தது 39 கோல், வாங்கியது 39 கோல். அதாவது ஆட்டத்துக்கு ஒன்றுதான் அடிக்கிறார்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் வெல்வதும், 1-1, 0-0 என்று முடிப்பதும்தான் பிழைப்பு. இப்படி வாழும் அணி தற்காப்பில் ஒரு செங்கல் போனாலும் சரியும். அதைவிட, அந்த ஒரு கோல் வித்தியாசம் எப்போதும் நம் பக்கமே விழும் என்று யாரும் எழுதித்தரவில்லை.

2020 ஜூன் 17, லாக்டவுனுக்குப் பிறகு முதல் ஆட்டம், நம் நேரம் இரவு பத்தரை மணி. ஆஸ்டன் வில்லா மைதானம், ஆள் இல்லாத கேலரி. நார்வுட் அடித்த ஃப்ரீ கிக்கை வில்லா கோல்கீப்பர் நைலன்ட் பிடித்தபடியே கோலுக்குள் பின்வாங்கினார். பந்து கோட்டைத் தாண்டியது தெருவில் ஆடும் சிறுவனுக்கும் தெரியும். கோல் விழுந்தால் அதிர வேண்டிய நடுவரின் கடிகாரம் அதிரவில்லை. கோல் கோட்டுக் கேமராக்கள் ஏழையும் ஆட்கள் மறைத்துவிட்டார்கள் என்று ஹாக்-ஐ நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் 0-0. அந்த சீசனில் வில்லா கீழே இறங்காமல் ஒரே புள்ளியில் தப்பித்தது. ஷெஃபீல்டு ஐரோப்பியப் போட்டிக்குப் போகாததற்கு அந்தக் கோலே காரணம் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. கணக்குப்படி அது சரியில்லை, ஜூலையில் கடைசி மூன்று ஆட்டத்தையும் தோற்றார்கள். ஆனாலும் திரும்பி வந்த முதல் இரவிலேயே அணியின் வேகம் குறைந்ததை மறுக்க முடியாது.

எது உடைந்தது

2020-21. முதல் 17 ஆட்டத்தில் 2 புள்ளி. ப்ரீமியர் லீக் வரலாற்றிலேயே மோசமான தொடக்கம். முதல் வெற்றி ஜனவரி 12 அன்று, 18-வது ஆட்டத்தில். விந்தை என்னவென்றால் அதே மாதம் ஓல்டு டிராஃபர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 என்று வென்றார்கள். அதற்குள் வண்டி பள்ளத்தில்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எடை போட்டுப் பார்க்கலாம்.

காலி மைதானம் என்பது முதல் வாதம். பிராமல் லேனின் கூச்சல் இல்லாமல் அந்த அணி பாதிதான் என்பது உண்மை. ஆனால் எல்லா அணிக்கும் மைதானம் காலி. இதற்குச் சின்ன எடைதான் கொடுப்பேன்.

இரண்டாவது, கோல்கீப்பர். ஹெண்டர்சன் மான்செஸ்டருக்குத் திரும்பினார். பதிலுக்கு ஆரோன் ராம்ஸ்டேலை சுமார் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். இதே ராம்ஸ்டேலை 2017-ல் ஷெஃபீல்டுதான் அதில் ஒரு சின்னப் பங்குக்கு விற்றது! ராம்ஸ்டேல் கெட்ட கீப்பர் அல்ல, பின்னால் ஆர்சனலுக்கே போனார். இதுவும் முழுக் காரணமில்லை.

மூன்றாவதுதான் என் பார்வையில் கனமானது. ஓ'கானலின் முழங்கால். சீசனில் இரண்டு லீக் ஆட்டத்தோடு அவர் அறுவை சிகிச்சைக்குப் போனார், பிறகு அந்த அணிக்கு ஆடவே இல்லை. முன்பு சொன்னேனே, இடதுகால் சென்டர் பேக் இல்லாமல் அந்த ஏற்பாடு நடக்காது என்று. மாற்றாக வந்தவர்கள் காக்கத் தெரிந்தவர்கள், ஆனால் வெளியே ஓடி க்ராஸ் போடும் பழக்கம் இல்லாதவர்கள். இடப்பக்க முக்கோணம் செத்தது. இடப்பக்கம் செத்ததும் எதிரணிகள் வலப்பக்கத்தில் ஆளைக் கூட்டினார்கள், பாஷமும் அடங்கினார். நடுக்களத்தில் சாண்டர் பெர்கேயும் டிசம்பரில் காயப்பட்டார். நான்கு வருடம் கட்டிய இயந்திரத்துக்கு மாற்று உதிரிபாகம் வாங்கி வைக்கவில்லை.

ஏன் வாங்கவில்லை என்ற கேள்விதான் வைல்டரை நேரடியாகத் தொடுகிறது. பணம் இல்லாமல் இல்லை. கிளப்பின் வரலாற்றில் அதிக விலையாக, சுமார் 2 கோடியே 35 லட்சம் பவுண்டு கொடுத்து, லிவர்பூலின் இளம் ஸ்ட்ரைக்கர் ரியன் ப்ரூஸ்டரை வாங்கினார்கள். அந்த சீசனில் லீகில் அவர் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஐந்து லட்சம் பவுண்டுக்கு ஆள் பிடிக்கும்போது வைல்டரின் கண் தவறியது மிகக் குறைவு. ஒவ்வொரு கீழ்நிலை மைதானமும் அவருக்குத் தெரியும். ஒருவன் மழையில் எப்படி ஆடுகிறான், தோற்ற பின் பஸ்ஸில் எப்படி உட்காருகிறான் என்று விசாரிக்க ஆளும் உண்டு. இரண்டு கோடி பவுண்டுச் சந்தை அப்படியல்ல. அங்கே நூறு பேர் கொண்ட தேடல் துறைகளும் தரவு ஆய்வாளர்களும் போட்டி போடுகிறார்கள். தனி ஆளின் கண்ணும் டைரியும் அங்கே எடுபடவில்லை.

வீரர் வாங்குவதில் யார் சொல் கடைசி, கிளப்பின் நிர்வாக அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் உரிமையாளர் இளவரசர் அப்துல்லாவோடு உரசல் வந்தது வெளிப்படையான செய்தி. சம்பளம் வராத நார்தாம்ப்டனில் எல்லோர் சார்பாகவும் பேசிய அதே வாய், சம்பளம் ஒழுங்காக வரும் ப்ரீமியர் லீக் அலுவலகத்தில் தகராறு செய்யும் வாயாகத் தெரிந்தது. மாறியது அவர் அல்ல, அறை. மார்ச் 13 அன்று பிரிந்தார்கள். அணி 23 புள்ளியோடு கடைசி இடத்தில் முடித்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் வைல்டரை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஓவர்லாப்பிங் முறையை மற்ற அணிகள் கண்டுபிடித்துவிட்டன, அதனால் தோற்றார் என்று தொலைக்காட்சியில் சொல்லிச் சொல்லி அது வேதவாக்காகிவிட்டது. எதிரணிகள் கண்டுபிடித்தது 2019 ஆகஸ்ட்டிலேயே. தெரிந்தே தோற்றார்கள். ஆள் போனதும்தான் முறை போனது.

நடுவில் இரண்டு நிறுத்தம்

2021 நவம்பரில் மிடில்ஸ்பரோ. அங்கே அவர் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்தார் தெரியுமா? நீல் வார்னக். அவரும் ஷெஃபீல்டில் பிறந்தவர், அதே கிளப்பின் ரசிகர், கீழ்நிலையில் கிளப் கிளப்பாக அலைந்த விங்கர், 2006-ல் ஷெஃபீல்டு யுனைடெட்டை ப்ரீமியர் லீகுக்கு ஏற்றியவர். மிடில்ஸ்பரோவில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டையும் டாட்டன்ஹாமையும் வைல்டர் வெளியேற்றினார், லீகில் ஏழாவது. மறுசீசன் அக்டோபரில் 22-வது இடத்தில் வேலை போனது. 2023 மார்ச்சில் வாட்ஃபர்டில் 11 ஆட்டம். மேனேஜரை சட்டை மாதிரி மாற்றும் கிளப் அது. அந்த 11 ஆட்டத்திலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

திரும்ப, மறுபடி திரும்ப

2023 டிசம்பரில் ஷெஃபீல்டு யுனைடெட் அவரை மறுபடி கூப்பிட்டது. ப்ரீமியர் லீகின் அடியில் கிடந்த அணி. அந்த சீசன் முழுதும் சேர்த்து 16 புள்ளி, வாங்கிய கோல் 104. ப்ரீமியர் லீகில் ஒரு சீசனில் எந்த அணியும் இவ்வளவு வாங்கியதில்லை. வைல்டர் வந்தும் மாற்றம் தெரியவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. உயர்நிலையில் பாதி சீசனில் வந்து தூக்கி நிறுத்தும் வித்தை அவரிடம் இல்லை.

ஆனால் கீழே இறங்கியதும் பழைய ஆள் திரும்பினார். 2024-25 தொடங்குவதற்கு முன்பே, பிற கிளப்புகளுக்குத் தர வேண்டிய தவணைகளைக் கட்டாததற்காக 2 புள்ளி வெட்டப்பட்டிருந்தது. ஒரு கூட்டம் வீரர்கள் போய்விட்டார்கள். உரிமையாளர் மாற்றம் இழுத்துக்கொண்டே போய் டிசம்பரில்தான் முடிந்தது. மீண்டும் பணக்கஷ்டம், மீண்டும் புதிதாகக் கோத்த அணி. மைதானத்தில் எடுத்தது 92 புள்ளி, வெட்டுக்குப் பின் 90, மூன்றாம் இடம். பல சீசன்களில் 90 புள்ளி நேரடியாக மேலேற்றிவிடும். அந்த வருடம் லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்கு 100 எடுத்தார்கள்.

ப்ளே-ஆஃப் அரையிறுதியில் பிரிஸ்டல் சிட்டியை இரண்டு ஆட்டம் சேர்த்து 6-0. மே 24, வெம்ப்ளி, சண்டர்லேண்டுக்கு எதிரே டைரீஸ் காம்ப்பெல் கோலில் 1-0 என்று முன்னிலை. இரண்டாம் கோலும் விழுந்தது, ஆஃப்சைடு என்று வீடியோ நடுவர் அழித்தார். 76-வது நிமிடம் சமன். 95-வது நிமிடம் டாம் வாட்சன் என்ற 19 வயதுப் பையன் தூரத்திலிருந்து அடித்தது மூலையில் இறங்கியது. ப்ளே-ஆஃபில் ஷெஃபீல்டு யுனைடெட் ஏமாந்தது அது பத்தாவது முறை.

ஜூன் 18 அன்று வைல்டர் பிரிந்ததாக அறிவிப்பு. புது உரிமையாளர்கள் வீரர் தேர்வில் தரவுக்கு முதலிடம் தரும் புதுமுறையை விரும்பினார்கள். ஸ்பெயின்காரர் ரூபன் செயெஸ் வந்தார். செயெஸைக் குறை சொல்வது எளிது, நியாயமில்லை. முக்கியமான வீரர்கள் விற்கப்பட்டிருந்தார்கள், புதியவர்கள் தாமதமாக வந்தார்கள். ஆனாலும் இப்படி ஓர் ஒப்பீடு ஆய்வு செய்பவனுக்கு அடிக்கடி கிடைக்காது: நான்கு மாதம் முன்பு 92 புள்ளி எடுத்த கிளப், ஐந்து லீக் ஆட்டத்தில் ஐந்தும் தோல்வி, போட்டது ஒரு கோல், வாங்கியது 12. கடைசியாக இப்ஸ்விச்சில் 5-0.

செப்டம்பர் 15 அன்று, அனுப்பியவர்களே கூப்பிட்டார்கள். போய் 89 நாள்தான் ஆகியிருந்தது. அவர் மறுபடி பிராமல் லேனுக்குள் நுழைந்தபோது பட்டியலில் ஷெஃபீல்டு யுனைடெட்: 24 அணியில் 24-வது இடம், 5 ஆட்டம், 0 புள்ளி.